காலம் கெட்டுப்போச்சா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். சந்தைக்குப் போய் விலை எழுதுவது, நெல் வயலில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி அறுத்து எடை போடுவது, வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவது, இதுதான் பிழைப்பு. ஓய்வு பெற்ற பிறகு கல்யாண வீடு, இழவு வீடு, டீக்கடை என்று எங்கே போய் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்: "ஏனுங், நீங்கதான் கணக்குப் பார்த்த ஆளு. காலம் நல்லா வருதா, கெட்டுப்போகுதா?" டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் கேட்டவர்களின் கேள்விகளைப் பிரித்து எழுதி வைத்துவிட்டேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள். உலகம் நன்றாகிறதா, கெட்டுப்போகிறதா?

வீட்டுக் கணக்காகச் சொல்கிறேன். வரவு ஏறியிருக்கிறது, கையிருப்பான முதலிலும் கை வைத்திருக்கிறோம்.

வரவு என்பது பிறந்த குழந்தை பிழைப்பது, பிரசவத்துக்குப் போன பெண் வீடு திரும்புவது, மழை பொய்த்த வருஷத்திலும் சோறு கிடைப்பது, கையெழுத்துப் போடத் தெரிவது. என் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) காலத்தோடு ஒப்பிட்டால் இதிலெல்லாம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதல் என்பது நிலத்தடி நீர், காற்று, ஆற்று மணல், பூமியின் சூடு. அதை எடுத்துச் செலவழித்ததையும் வரவுப் பக்கத்திலேயே எழுதிவிட்டோம் என்பதுதான் என் சண்டை. தோப்பை வெட்டி விறகாக விற்ற வருஷம் வருமானம் கூடத்தான் செய்யும்.

குழந்தைச் சாவு உண்மையிலேயே அவ்வளவு குறைந்திருக்கிறதா?

சின்ன வயதில் உங்களையும் யாராவது "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சீண்டியிருப்பார்கள். சும்மா விளையாட்டுப் பேச்சு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அம்மாயி (அம்மாவின் அம்மா) சொல்லித்தான் தெரிந்தது. அவருக்குப் பிறந்தது ஒன்பது, தங்கியது ஐந்து. அடுத்தடுத்து மூன்று போன பிறகு பிறந்த பையனைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி, பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிடு அளந்து திரும்ப வாங்கியிருக்கிறார்கள். இது தவிட்டு விலைக்கும் தேறாத பிள்ளை, உனக்கெதற்கு என்று எமனை ஏமாற்றுகிற ஏற்பாடு. அந்த மாமாவை எண்பது வயது வரைக்கும் ஊரே "தவுட்டு" என்றுதான் கூப்பிட்டது. குப்பன், குப்பாயி, பிச்சை என்ற பெயர்களில் பலவும் இப்படி வந்தவைதான். பழைய வாக்காளர் பட்டியலைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் தென்படும். இன்றைக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் பெயர்கள் வழக்கொழிந்ததற்கு நாகரிகம் ஒரு காரணம். எமனை ஏமாற்ற வேண்டிய தேவை போனது அதைவிடப் பெரிய காரணம்.

எண்ணில் சொல்கிறேன். 1971ல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை, தமிழ்நாட்டில் 113. 2020ல் இந்தியாவில் அது 28, தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. உலகம் முழுவதையும் எடுத்தால் ஐந்து வயதுக்குள் இறப்பவர்கள் 1990ல் ஆயிரத்துக்கு 93, 2022ல் 37. அதாவது பதினொன்றில் ஒன்று போய்க்கொண்டிருந்தது, இப்போது இருபத்தேழில் ஒன்று. 2022ல் இறந்த குழந்தைகள் 49 லட்சம். இது கொஞ்சமா என்று கேட்காதீர்கள். கொஞ்சம் இல்லை. 1990ல் இதைப்போல இரண்டரை மடங்கு.

வீடு வீடாகப் போனபோது "மொத்தம் எத்தனை பிறந்தது, இப்போ எத்தனை இருக்கு?" என்று கேட்க வேண்டியிருக்கும். வயதான பெண்கள் விரல் விட்டு எண்ணி, ஒரு விரலில் நின்று, "அது அம்மையில போச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த விரலுக்குப் போவார்கள். இளம் பெண்களிடம் அதே கேள்வியைக் கேட்டால் அபசகுனமாகப் பேசுகிறானே இந்த ஆள் என்று முறைப்பார்கள். முப்பது வருஷ வேலையில் நான் கண்ட பெரிய மாற்றம் அந்த முறைப்புதான்.

அதெல்லாம் பெரிய பெரிய ஆஸ்பத்திரி வந்ததால்தானே?

இல்லை. கவைக்கு உதவியதெல்லாம் மலிவான சங்கதிகள். தடுப்பூசி, சோப்பு, மூடி வைத்த தண்ணீர், தாய்மாருக்குக் கொஞ்சம் படிப்பு, சைக்கிளிலும் பஸ்ஸிலும் அலைந்த கிராம சுகாதார செவிலியர்கள்.

ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். 1971ல் வங்கதேசப் போரில் தப்பி வந்தவர்கள் மேற்கு வங்கத்தின் பங்கான் முகாம்களில் அடைந்து கிடந்தார்கள். காலரா. ஏற்ற வேண்டிய குளுக்கோஸ் பாட்டில்கள் தீர்ந்துபோயின. திலீப் மஹலநாபிஸ் என்ற மருத்துவர் உப்பையும் குளுக்கோஸையும் அளவாகக் கலந்து, தண்ணீரில் கரைத்துப் பெரிய டிரம்களில் வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே கோப்பையில் மொண்டு கொடுக்கச் சொன்னார். சாவு 30 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. சர்க்கரைச் சத்து கூடவே இருந்தால்தான் குடல் உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் சூட்சுமம். இன்று மருந்துக்கடையில் சில்லறைக் காசுக்கு விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதுதான். எங்கள் அம்மாயி காலத்தில் வழக்கம் நேரெதிர்: "பேதியாகிற பிள்ளைக்குத் தண்ணி காட்டாதே." பாசத்தோடுதான் சொன்னார்கள். அந்தப் பாசத்தில் எத்தனை போனதோ.

அந்தக் காலத்தில் சராசரி ஆயுள் 32 என்கிறீர்கள். எங்கள் தாத்தா 90 வயது இருந்தாரே?

இருந்திருப்பார். சராசரி என்ற சொல் பண்ணுகிற மாயம் இது. பத்துப் பிள்ளைகள் பிறந்து, ஐந்து ஒரு வயதில் போய், மற்ற ஐந்தும் 63 வரை இருந்தால் கூட்டிப் பாருங்கள்: 5 + 315 = 320. பத்தால் வகுத்தால் 32. அந்தக் குடும்பத்தில் 32 வயதில் செத்தவர் ஒருவர்கூட இல்லை.

நிஜத்தில் பெரியவர்களும் சீக்கிரம்தான் போனார்கள், காசநோய், காலரா, பிரசவம் என்று. இந்தியா சுதந்திரம் அடைந்தபோது ஏறத்தாழ 32 ஆக இருந்த சராசரி ஆயுள் இன்றைக்கு 70ஐத் தொட்டிருக்கிறது. உங்கள் தாத்தாவைப் பற்றி இன்னொன்று. தொண்ணூறு வரை இருந்தவர் திண்ணையில் உட்கார்ந்து அந்தக் காலப் பெருமை பேசினார். அவரோடு பிறந்து மூன்று வயதில் போனவர் எந்தத் திண்ணையில் பேசுவார்?

பஞ்சம் ஒழிந்துவிட்டதா?

பழைய மாதிரிப் பஞ்சம் நம் பக்கம் ஒழிந்துவிட்டது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை. சேலம் ஜில்லாவில் 1871 கணக்கெடுப்பில் இருந்த ஜனங்களைவிட 1881ல் குறைவான ஜனங்களே இருந்தார்கள். பத்து வருஷம் கழித்து எண்ணும்போது எண்ணிக்கை குறைவது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். நிவாரண வேலையில் மண் சுமந்தவர்களுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது ஆளை எலும்பாக்கும் 450 கிராம், போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி கூலியை வெட்டினார். அதே சமயத்தில் துறைமுகத்திலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. மழை தவறியது பஞ்சத்தின் தொடக்கம். ஆள்பவர்கள் செய்த கணக்கு அதன் முடிவு.

அதனால்தான் மாறியதும் ஆட்சியின் கணக்கில்தான் தெரிகிறது. சென்னை மாநகராட்சி 1920ல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. 1956ல் காமராஜர் மாநிலத்துக்கு விரித்தார். 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 1989ல் கருணாநிதி முட்டை சேர்த்தார். 2022ல் ஸ்டாலின் காலை உணவு தொடங்கினார். ஒருவர் கொண்டுவந்ததை அடுத்தவர் வந்து நிறுத்தாமல் மேலே ஒரு கரண்டி போட்டது நம் அரசியலில் அபூர்வமாக நடந்த நல்ல காரியம்.

உலகத்தில் பசி தீரவில்லை. 2024ல் 67 கோடிப் பேர் போதிய உணவில்லாமல் இருந்ததாக ஐ.நா. உணவு அமைப்பு மதிப்பிட்டது. சூடானில் இடம்பெயர்ந்தவர்கள் தங்கிய ஸம்ஸம் முகாமில் 2024 ஆகஸ்டிலும், காஸாவில் 2025 ஆகஸ்டிலும் பஞ்சம் என்றே அறிவித்தார்கள். இரண்டும் மழை பொய்த்து வந்ததல்ல. தாது வருஷத்தில் வானத்தையாவது ஒரு சாக்காகச் சொல்ல முடிந்தது.

அந்தக் காலத்தில் பத்து ரூபாய்க்குப் பை நிறையச் சாமான் வாங்கினோமே?

பத்து ரூபாய் சம்பாதிக்க எத்தனை நாள் ஆனது என்று உடனே நான் கேட்பேன், கேட்டவர் முகம் சுளிப்பார். விலையைக் கூலியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கிராமத்துக் குடும்பம் செலவழிக்கிற நூறு ரூபாயில் சாப்பாட்டுக்கு மட்டும் 1993-94ல் 63 ரூபாய் போனது. 2022-23 கணக்கெடுப்பில் 46 ரூபாய். வயிற்றுக்கு ஆகும் பங்கு குறைந்தால் கை கொஞ்சம் இளகியிருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் மளிகைக்கடைச் சீட்டை வைத்துக்கொண்டு மட்டும் இதைத் தீர்மானிக்காதீர்கள். வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம், ஆஸ்பத்திரி, பவுன் விலை, இந்த நாலும் சேர்ந்து இளகின கையைத் திரும்ப முறுக்கிவிடுகின்றன. சந்தையில் தக்காளி விலை எழுத எங்களிடம் படிவம் இருந்தது. எல்.கே.ஜி. சேர்க்க வாங்கும் நன்கொடையை எழுத அதில் கட்டம் கிடையாது.

சாப்பாடு, நோய்? அந்தக் காலத்து மனுஷனுக்குச் சர்க்கரை வியாதி உண்டா?

இதில் நீங்கள் சொல்வது சரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆதரித்து நடந்த பெரிய ஆய்வு 2023ல் வெளிவந்தது: நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், பெரியவர்களில் 11.4 விழுக்காடு. தமிழ்நாடு அந்தச் சராசரிக்கும் மேலே. முன்பு கம்மங்கூழ் குடித்துவிட்டு, மாடு பூட்டிக் கவலையில் கிணற்று நீர் இறைத்த உடம்பு. இப்போது மூன்று வேளை வெள்ளைச் சோறு, வேலை நாற்காலியில். கூழ் குடித்தவர்கள் ஆரோக்கியத்துக்காகக் குடிக்கவில்லை, அரிசி கிடைக்காமல் குடித்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நெல்லுச்சோறு தீபாவளிக்கு. அது தினமும் கிடைத்தபோது யாரால் வேண்டாமென்று சொல்ல முடியும்?

இதைவிட எனக்கு உறுத்துவது ரத்தசோகை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 2015-16ல் 53 விழுக்காடு, 2019-21ல் 57 விழுக்காடு. குறைய வேண்டியது கூடியிருக்கிறது, அதுவும் தானியம் கிடங்கில் மக்கிப்போகிற நாட்டில். வயிறு நிரம்புகிறது, பருப்பும் கீரையும் முட்டையும் கடைசியாகத் தட்டெடுக்கும் ஆளுக்கு வந்து சேர்வதில்லை. அந்தக் கடைசி ஆள் யாரென்று உங்கள் வீட்டுச் சமையலறையில் போய்ப் பாருங்கள்.

பிரசவக் கணக்கிலும் இப்படி இரண்டு முகம் உண்டு. தமிழ்நாட்டில் 2018-20ல் ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு 54. நாட்டுச் சராசரி 97. கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில். அதே சமயம் நூற்றுக்கு 45 பிரசவம் கத்தி வைத்து. இவ்வளவு அறுவை எந்த உடம்புக்கும் தேவைப்படாது. சாவிலிருந்து காப்பாற்ற வந்த கத்தி, நேரம் மிச்சம் பிடிக்கிற கத்தியாகிவிட்டது.

தண்ணீர்?

எங்கள் தோட்டத்துக் கிணறு 65 அடி. அப்பிச்சி காலத்தில் வெட்டியது. அதில்தான் நான் நீச்சல் பழகினேன், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி. மாடு பூட்டிக் கவலை இறைத்தால் விடிந்ததிலிருந்து மதியம் வரை இறைக்கலாம், பிறகு மாடு நின்றுவிடும். மாடு களைத்தபோது கிணறும் ஓய்வெடுத்தது. இப்போது திரும்பிப் பார்த்தால் அது ஒரு ரேஷன் முறை.

பிறகு மின்மோட்டார் வந்தது. மோட்டார் களைப்பதில்லை. 1990ல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானது. அந்த வயிற்றெரிச்சல் காலத்தில் அது கடனாளி விவசாயியின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீரை எடுப்பதற்குச் செலவே இல்லை என்றானபோது எடுத்துக்கொண்டே இருந்தோம். கிணறு வற்றியது. கிணற்றுக்குள்ளேயே துளை போட்டோம். பிறகு வெளியே ஆழ்துளைக் கிணறு, 300 அடி. அப்புறம் 600. கடைசியாகத் துளை போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து இரண்டு நாள் ஊரே அதிர ஓட்டியது. 800 அடி வரை வெறும் வெள்ளைப் பொடி, முற்றமெல்லாம் மாவு சலித்த மாதிரி. 1,050 அடியில் ஒன்றரை அங்குலம் தண்ணீர். மச்சான் ஓடிப்போய்ச் சூடம் கொளுத்தினார். வண்டிக்காரர் இன்னொரு குழாய் இறக்கலாமா என்று கேட்டார். இந்தத் துளைகளுக்குக் கடன் வாங்கிச் செய்த செலவும், அதை வைத்து விளைந்த வாழையும், இரண்டுமே நாட்டு வருமானக் கணக்கில் நல்ல செய்தியாகவே சேர்ந்திருக்கும். கீழே போன நீருக்கு எந்தப் பக்கத்திலும் பற்று எழுதவில்லை.

உலகத்திலேயே நிலத்தடி நீரை அதிகம் எடுக்கும் நாடு இந்தியா. மொத்தத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு நாம் எடுப்பது. 2019 கோடையில் சென்னையின் நாலு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். நாலு வருஷம் முன்னால், 2015 டிசம்பரில், அதே ஊர் கழுத்தளவு தண்ணீரில் நின்றது.

பழைய கிணற்றை அமிர்தம் என்று நான் கும்பிடவும் மாட்டேன். படியிறங்கிக் கால் நனைத்துத் தண்ணீர் மொண்ட கிணறுகளில்தான் நரம்புச்சிலந்தி இருந்தது. காலில் கொப்புளம் வந்து, ஒரு முழம் இரண்டு முழத்துக்குப் புழு வெளியே வரும். அதை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்கு ஒரு விரல்கடை இழுக்க வேண்டும். அறுந்தால் சீழ் பிடிக்கும். அதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. துணியில் வடிகட்டிக் குடி, படியில் இறங்காதே, அவ்வளவுதான் வைத்தியம். அதிலேயே இந்தியாவை விட்டு 2000க்குள் போய்விட்டது. 1986ல் உலகம் முழுக்க 35 லட்சம் பேருக்கு இருந்தது, 2023ல் 14 பேருக்கு. லட்சம் இல்லை, பதினாலே பேர்.

வெயில் வரவரக் கொளுத்துகிறதே, நமக்கு மட்டும் தோன்றுகிறதா?

தோற்றம் இல்லை. தொழிற்சாலைகள் வருவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 1958ல் ஹவாயில் அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. 2024 அளவெடுத்த வருஷங்களிலேயே சூடான வருஷம், பழைய நிலையைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல். கையிருப்பு முதலில் கை வைத்ததற்கு இதைவிடத் தெளிவான ரசீது வேறில்லை. இதில் அநியாயம் என்னவென்றால் கரியை எரித்தவன் ஒருவன், தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் நிற்பவன் வேறொருவன்.

கெட்டதைச் சரி செய்த அனுபவமும் நமக்கு இருக்கிறது. ஓசோன் படலத்தில் ஓட்டை என்று 1980களில் பயந்தோம். 1987ல் மாண்ட்ரியலில் கையெழுத்துப் போட்டு, அந்த வாயுக்களை நிறுத்தினார்கள், படலம் தேறி வருகிறது. பெட்ரோலில் ஈயம் கலந்து ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் மூளையைக் கெடுத்தார்கள். இந்தியாவில் 2000லும், உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021லும் அது நின்றது. பெட்ரோல் பங்க்கில் "ஈயம் இல்லாதது" என்று தனிக் குழாய் இருந்தது இப்போது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

ஒரு தடவை முன்னேறிவிட்டால் பின்னால் போகாது, அப்படித்தானே?

போகும். ரஷ்யாவில் ஆண்களின் சராசரி ஆயுள் 1987ல் ஏறத்தாழ 65. சோவியத் உடைந்து, வேலையும் சம்பளமும் போய், சாராயம் பெருகி, 1994ல் 58க்குக் கீழே இறங்கியது. போரும் இல்லை, கொள்ளைநோயும் இல்லை, ஏழு வருஷத்தில் ஏழு வயது. ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் எய்ட்ஸ் ஒரு தலைமுறை உழைப்பை அழித்தது. 2001ல் சிப்லா நிறுவனம் மூன்று மருந்து சேர்ந்த சிகிச்சையை நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருகிறேன் என்று அறிவித்த பிறகுதான் ஏழை நாடுகளுக்கு மூச்சு வந்தது. பணக்கார அமெரிக்காவிலேயே 2014ல் 78.9 ஆக இருந்த ஆயுள், போதை மருந்தும் கொரோனாவும் சேர்ந்து 2021ல் 76.4க்கு வந்தது.

நமக்குக் கிட்டத்து உதாரணம் இலங்கை. படிப்பிலும் சுகாதாரத்திலும் தெற்காசியாவுக்கே பாடம் சொன்ன தேசம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. கேஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் போட்டுவிட்டு ஜனங்கள் பக்கத்திலேயே படுத்திருந்தார்கள். உலக வங்கி மதிப்பீட்டில் ஒரே வருஷத்தில் வறுமை 13 விழுக்காட்டிலிருந்து 25 ஆனது.

எல்லாம் இருக்கிறது, நிம்மதி இல்லையே?

நிம்மதியை அளக்கத் தராசு இல்லை, அதனால் நிம்மதியின்மையின் கடைசி எல்லையை மட்டும் சொல்கிறேன். உலக அளவில் தற்கொலை விகிதம் 2000க்குப் பிறகு நன்றாகவே குறைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் குறையவில்லை. 2022ல் நம் விகிதம் தேசியச் சராசரியைப்போல இரண்டு மடங்கு. சராசரி ஆயுளிலும் படிப்பிலும் முன்வரிசையில் இருக்கிற மாநிலத்தில் இது ஏன் என்ற கேள்விக்குக் கடன், குடி, பரீட்சை, குடும்பச் சண்டை என்று அடுக்குகிறோம்.

மறுபடியும் இலங்கையைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. 1990களின் நடுவில் உலகத்திலேயே மிக அதிகத் தற்கொலை நடந்த நாடுகளில் ஒன்று அது. 1995 முதல் படிப்படியாக மிகக் கொடிய பூச்சிமருந்துகளை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். இருபது வருஷத்தில் எழுபது விழுக்காடு குறைந்தது. விளைச்சலும் அதனால் விழவில்லை. அந்த நாட்டு மனிதர்களின் துக்கம் எழுபது விழுக்காடு குறைந்திருக்காது. ஆத்திரத்தில் கை நீட்டிய தூரத்தில் எமன் இல்லை, அவ்வளவுதான். பொழுது விடிந்தது, பேச ஆள் வந்தார், பிழைத்தார்கள்.

சண்டை சச்சரவு கூடியிருக்கிறதா?

சமீப வருஷங்களில், ஆமாம். 1994 ருவாண்டா இனப்படுகொலைக்குப் பிறகு போரில் அதிகம் பேர் செத்த வருஷம் 2022. உக்ரைன் மட்டும்தான் நமக்குச் செய்தி. எத்தியோப்பியாவின் டிக்ரேயில் அதைவிட அதிகம் செத்தார்கள். வீடு விட்டுத் துரத்தப்பட்டவர்கள் 2024 முடிவில் 12 கோடிக்கு மேல்.

செல்போன் முன்னேற்றமா?

கேரளத்து மத்தி மீனவர்களுக்கு முன்னேற்றம். 1997லிருந்து 2001க்குள் அந்தக் கரையில் செல்போன் வந்தது. எந்தத் துறையில் விலை இருக்கிறது என்று படகிலிருந்தே கேட்டார்கள். வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலில் கொட்டுவது நின்றது. ராத்திரி ஒரு மணிக்கு ரீல்ஸ் பார்க்கிற என் பேரனுக்கு என்ன என்பதை அவன் அம்மாவிடம் கேளுங்கள்.

இந்தச் சராசரிக்குள் நாங்கள் இருக்கிறோமா?

ஊருக்கு வெளியே இருக்கிற காலனியில் ஒரு பையன் கேட்டது. நல்ல கேள்வி. 2020ல் கேரளத்தில் ஆயிரத்துக்கு 6 குழந்தை இறந்தபோது மத்தியப் பிரதேசத்தில் 43. இரண்டையும் கலந்து ஒரே நாட்டுக்கு 28 என்று எழுதுகிறோம். ஒரு மாவட்டத்துக்குள், ஒரு ஊருக்குள்ளேயே இந்தப் பள்ளம் உண்டு. கையால் மலம் அள்ளுவதை 1993லும் 2013லும் சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. இன்னும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி மூச்சடைத்துச் சாகிறவர்கள் யார், எந்தத் தெரு என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே போய் உலகச் சராசரி ஆயுள் 73 என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பையனிடம் சொல்லவும் இல்லை. அவன் பாட்டி எத்தனை பெற்றார், எத்தனை தங்கியது என்று கேட்டேன். ஏழு, மூன்று என்றான். அவன் அம்மாவுக்கு இரண்டு, இரண்டும் இருக்கிறது. "அப்போ எங்களுக்கும் கொஞ்சம் வந்திருக்கு," என்றான். "தொட்டிக்கு மட்டும் எங்களையேதான் கூப்பிடுறாங்க."

நாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள ஏதாவது வழி?

இரண்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போன வருஷம் பிறந்த குழந்தைகள் எத்தனை, ஒரு வயதுக்குள் போனது எத்தனை. செவிலியரிடம் பொறுமையாகக் கேட்டால் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார். இரண்டு, உங்கள் ஊரில் மூடாமல் மிச்சமிருக்கும் ஒரு பழைய கிணற்றில் தை மாதம் நீர் எத்தனை அடியில் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை இறங்கி நிதானித்த பிறகு அளந்தால்தான் அந்த வருஷத்து நிஜம் தெரியும். கயிற்றில் கல்லைக் கட்டி விடுங்கள், நனைந்த இடம் வரை முழம் போடுங்கள், மோட்டார் ரூம் சுவரில் கரிக்கட்டையால் எழுதி வையுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். முதல் எண்ணிக்கையில் எங்கள் சுகாதார நிலையத்தில் போன வருஷம் ஒன்று, அதுவும் குறைமாதம். கிணற்றில் போன தையில் 41 அடி. இந்தத் தையில் 47.